பெட்ரோல் மூடியில் சாணிக்குறி

என் மருமகன் போன மாதம் புதுக் கார் வாங்கினார். பார்க்க வந்த ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், கதவைத் திறந்து மூடினார்கள், பிறகு தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கு?" மருமகன் ஓர் எண்ணைச் சொன்னார். கேட்டவர் தன் வண்டி அதைவிட இரண்டு கூடுதலாகக் கொடுக்கும் என்றார். இருவர் சொன்னதும் பொய். அது இருவருக்கும் தெரியும். ஆனாலும் முகத்தில் என்ன பூரிப்பு! நான் உள்ளே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தூ என்று துப்பிவிட்டு எழுந்து போகலாம் போல இருந்தது. மகள் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

உங்களிடம் மூடிக்கொள்ள வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே பிராயம். மூட்டுவலிக்கு ஒரே தைலம் தேய்க்கிறவர்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கார் இருந்தாலே பெரிய காரியம். கார் உள்ள வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் என்னைப் பொறாமையோடு பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அப்போது நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. நாகர்கோவிலுக்குக் கிழக்கே, தோவாளைக்குப் போகிற ரஸ்தாவை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்கு வயல் உண்டு, களம் உண்டு, கழுத்தில் தங்கம் கட்டிய ருத்திராட்சம் உண்டு. மூளை உண்டா என்று யாரும் விசாரித்ததில்லை. வயல் உள்ளவரிடம் அதைக் கேட்கிற வழக்கம் நாஞ்சில் நாட்டில் கிடையாது.

மலையில் ரப்பர் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், இனி இங்கே சரிப்படாது என்று கப்பல் ஏறியபோது விற்றுவிட்டுப் போன கார் அது. சின்னக் கறுப்புக் கார். ஓரத்தில் ஏறுவதற்குப் பலகை, வெயிலில் தொடையைப் பொசுக்குகிற தோல் இருக்கை, அமுக்கினால் எருமைக்கன்று மாதிரிக் கத்துகிற ரப்பர் ஹாரன். உள்ளே எப்போதும் பெட்ரோலும் துரையின் சுருட்டும் கலந்த ஒரு வாசம். எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற மீட்டர் மட்டும் துரை இருந்த காலத்திலேயே செத்துப்போயிருந்தது. அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கணக்குப் பார்க்க அவருக்கு மீட்டர் எதற்கு?

அவருடைய கணக்கு நாற்பத்தைந்து. ஒரு கேலன் பெட்ரோலுக்கு நாற்பத்தைந்து மைல். கோயில் நடையில் கண்டவரிடம் நாற்பத்தைந்து, சாவு வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து நாற்பத்தைந்து, முடிவெட்ட வந்தவரிடம் தலையைக் குனிந்துகொண்டே நாற்பத்தைந்து. எனக்கு எத்தனை வயது என்று கேட்டால் அவருக்குச் சட்டென்று சொல்ல வராது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அந்த நாற்பத்தைந்து எப்படி வந்தது என்று சொல்கிறேன். முதலில் பெட்ரோல் நிறைப்பது. நாகர்கோவில் பங்கில் அன்றைக்குக் கைப்பிடியை ஆட்டி அடிக்கிற பம்பு. மேலே கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் நுரைத்து ஏறுவது பார்க்க அழகாக இருக்கும். குடுவையிலிருந்து அது டேங்குக்குள் இறங்குகிறபோது அப்பா டிரைவரையும் என்னையும் வண்டியின் இரண்டு பக்கமும் நிறுத்தி, பிடித்துக் குலுக்கச் சொல்வார். எதற்கு? களத்தில் குத்தகைக்காரரிடம் பாட்டநெல் வாங்கும்போது மரக்காலைக் குலுக்கினால் நெல் அமர்ந்து இன்னும் ஒரு கை கூடக் கொள்ளும் அல்லவா? பெட்ரோலும் அமரும் என்று அவர் எண்ணம். பங்குக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொள்வார்.

அடுத்தது தூரம். அதற்கு நான். முன் இருக்கையில் உட்கார்ந்து மைல்கற்களை எண்ணிச் சொல்ல வேண்டும். களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார், பிறகு இரண்டு, மூன்று. அதே வரிசையில் நான் கல் எண்ண வேண்டும். எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு கல் நின்றது. வண்டி கிளம்புவதற்கு முன்பே அதைப் பார்த்து நான் 'லாபம்' என்று சொல்ல வேண்டும். அடுத்த கல்லுக்கு இரண்டு. இப்படி ஐந்து மைல் ஓடி நாகர்கோவிலுக்குப் போனால் கணக்கு ஆறு. திரும்பும்போது மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்கி ஆறு. ஓடியது பத்து, கணக்கு பன்னிரண்டு. வீட்டுக்கும் நாகர்கோவிலுக்கும் நடந்து நடந்தே அப்பாவின் வண்டி மைலேஜில் கொழுத்தது.

நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, வாசல் கல்ல எண்ணப்பிடாதுல்லா? நாம இன்னும் ஓடவே இல்லியே."

தலையில் நங்கென்று ஒரு குட்டு விழுந்தது. "லாபம் சொல்லாம எவனாவது அளப்பானாட்டி? வெளங்குமா? அதப் படிக்கவா ஒன்னய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகேன்?"

கல்லில் எண் வெட்டியிருந்தது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லைக் கழித்தால் தூரம் வந்துவிடும், இரண்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் எங்கள் வீட்டில் கூட்டல்தான் உண்டு, கழித்தல் அப்பாவுக்கு ஆகாது.

இதோடு முடிந்ததா? கால்வாய்ப் பாலத்து ஏற்றம் வந்தால் ஏறியவர்கள் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், அப்பாவையும் டிரைவரையும் தவிர. இறக்கத்தில் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டுவார். அவர் மேற்கே மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், கெட்டிக்காரர். எந்த முதலாளிக்கு எது இனிக்கும் என்று தெரிந்தவர். "மொதலாளி பறையியதுதான் கணக்கு" என்பார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. அப்பா முகம் மலர்ந்துவிடும்.

அம்மா அந்தக் காரில் ஏறியதே கிடையாது. பாரம் ஏறினால் மைலேஜ் குறையுமாம். சுசீந்திரம் தேருக்கு அம்மா மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து போனாள். காரில் அப்பாவும் அவருடைய வெற்றிலைச் செல்லமும் போனார்கள். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பொறுமை என்று ஊரார் புகழ்ந்தார்கள். அது வேறொன்று என்று எனக்கு அந்த மாசியில்தான் தெரிந்தது.

அந்த மாசியில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குழித்துறையில் கொப்பரை மண்டி வைத்திருந்த வீட்டில் அவளைக் கொடுத்திருந்தோம். அக்காவைப் போல வாயாடி அந்தத் தெருவில் கிடையாது. அப்பாவையே கேலி செய்கிற ஒரே ஆள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். "அப்பா, நான் ஏறினா எத்தன மைலு கொறையும்? இப்ப நான் ரெண்டு ஆளாக்கும், பாத்துக் கொறைச்சுக்கிடுங்கோ."

அப்பா நிஜமாகவே யோசிப்பார். அதைப் பார்த்து அக்கா வயிறு குலுங்கச் சிரிப்பாள். அம்மா உள்ளேயிருந்து, "மக்கா, அப்பிடிச் சிரிக்காத, பிள்ளைக்கு ஆகாது" என்பாள்.

கும்பப்பூ நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். அக்காவின் மாமனார், அதாவது சம்பந்தி, நேந்திரங்குலையோடு மருமகளைப் பார்க்க வந்தார். அவரிடமும் ஒரு கார் உண்டு. அது கேலனுக்கு முப்பது கொடுத்தது. அவரும் கூட்டித்தான் சொல்லியிருப்பார். இலையில் உட்கார்ந்து பருப்புக்கு நெய் ஊற்றுவதற்கு முன்பே அப்பா நாற்பத்தைந்தை எடுத்து வைத்தார்.

"நாப்பத்தஞ்சா? என்னவே சம்பந்தி, வண்டிக்குப் பச்சத்தண்ணியா ஊத்துகீரு?"

"நம்ப மாட்டீராக்கும்?"

"நம்பாம என்ன! வழியில ரெண்டு கேலன் ஊத்திட்டு ஒண்ணுன்னு சொன்னா யாரு கண்டா?"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். பொய்யன் என்று சொல்லிவிட்டாராம். பொய்யனைப் பொய்யன் என்றால் வருகிற கோபம் தனிக் கோபம். கை கழுவிய ஈரத்தோடு வாசலில் நின்று களத்தைக் காட்டினார். அங்கே அடித்த நெல் குவிந்து கிடந்தது, அதன் மேல் சாணிக் கரைசலால் குறி போட்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், அளக்கும்வரை யாரும் அள்ளாமல் இருக்க அப்படிக் குறி போடுவது; ஒரு கைப்பிடி அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"நெல்லுக்குப் போடுகது மாதிரி டேங்குக்கும் போட்டுருவோம் வே. ஒம்ம கையாலயே குறி போடும். நிறைச்ச எண்ணெயோட ஒம்ம ஊருக்கு ஓட்டிட்டு வாறேன். ஒம்ம முற்றத்துலயே குறிய ஒடைச்சு மிச்சத்த அளந்து பாரும்."

சம்பந்திக்கும் அது பிடித்துவிட்டது. இரண்டு மூளையும் ஒரே களத்தில் விளைந்தவை. டின்னில் பெட்ரோல் வரவழைத்து, முற்றத்தில் வைத்து, வழிய வழிய ஊற்றினார்கள். டிரைவர் ஒரு பக்கம், சம்பந்தி ஒரு பக்கம் பிடித்து வண்டியைக் குலுக்கினார்கள். பிறகு தொழுவத்திலிருந்து பசுஞ்சாணி வந்தது. சம்பந்தி சட்டைக்கையை மடக்கிக்கொண்டு, மூடிக்கு மேலேயும் சுற்றிலும் அப்பி, இடுக்கு விடாமல் அமுக்கி, நடுவில் தன் ஐந்து விரலையும் பதித்தார். அப்பா கூடவே நின்று, "அந்தப் பக்கம் கொஞ்சம் கொறவா இருக்கு, நல்லா அப்பும்" என்றார். தலை நரைத்த இரண்டு பெரிய மனுஷர்கள்! குழந்தைகள் இப்படி விளையாடினால் நாம் முதுகில் இரண்டு வைப்போம்.

பங்குனி தொடக்கத்தில் குழித்துறைக்கு ஓட்டிப் போவதாக ஏற்பாடு. அதுவரை வண்டி வீட்டை ஒட்டிய சாய்ப்பில் நின்றது. சாணி காய்ந்து வெடித்தால் சம்பந்தி சந்தேகப்படுவாரே என்று அப்பா காலையும் மாலையும் அதன் மேல் ஈரத்துணி நனைத்துப் போட்டார். அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது நெற்றியில் துணி போட்டவர் இல்லை அவர். சாணிக்குப் போட்டார்.

ஏற்பாட்டுக்கு முன்பே அக்காவுக்கு வலி வந்துவிட்டது. விடியற்காலையில் தொடங்கியது. வெயில் ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து அம்மாவிடம் சொன்னாள். "பிள்ளை குறுக்க கெடக்கும்மா. எனக்கக் கையில நிக்காது. மேக்க மிஷன் ஆசுத்திரிக்குக் கொண்டு போயிருங்கோ, சட்டுனு."

தக்கலையைத் தாண்டிப் போக வேண்டும்; குறுக்கே கிடக்கிற பிள்ளையை எடுக்கத் தெரிந்த டாக்டரம்மா அங்கேதான் இருந்தாள். அப்பா காரை எடுக்கச் சொன்னார். அதுவரை சரி. அக்காவைத் தூக்கிப் பின் இருக்கையில் படுக்க வைத்தார்கள். அம்மா முதல்முறையாக அந்தக் காரில் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். மருத்துவச்சி ஏறப்போனாள்.

"நீ எதுக்கு? அங்க ஆளு உண்டுல்லா. சும்மா பாரம்" என்றார் அப்பா.

அவள் பலகையிலிருந்து காலை எடுத்தாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். "ஏட்டி, நீ முன்னால ஏறு. கல்லு எண்ணணும்."

கேட்டீர்களா? பிள்ளை பிடிக்கத் தெரிந்தவள் பாரம். கல் எண்ணத் தெரிந்தவள் அவசியம். நான் ஏறினேன். வாசல் கல்லைப் பார்த்து அப்பாவே 'லாபம்' என்றார்.

நாகர்கோவில் வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். பார்வதிபுரம் தாண்டியதும் எஞ்சின் இருமியது, இழுத்தது, நின்றது. டிரைவர் இறங்கிக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். கொஞ்சம் பொறுத்துப் பிடித்துக்கொண்டது. இரண்டு வயல் தூரம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி சுற்று, மறுபடி ஓட்டம், மறுபடி நிறுத்தம். வெயில் தகித்தது. தோல் இருக்கை அக்காவின் முதுகில் ஒட்டியது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இன்னா வந்துட்டு மக்கா, இன்னா வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வில்லுக்குறிக்கு இந்தப் பக்கம், ஒரு ஆலமரத்தடியில், வண்டி இனி ஓடமாட்டேன் என்று நின்றேவிட்டது.

டிரைவர் முன்மூடியைத் திறந்து எதையோ கழற்றிப் பார்த்தார். "மொதலாளி, எண்ணெ வரல்ல. டேங்கத் தொறந்து ஒண்ணு பாக்கட்டா?"

"எண்ணெ கெடக்கு. எனக்குக் கணக்குத் தெரியும். எஞ்சினப் பாரும்."

"எஞ்சினுல ஒரு கேடும் இல்ல மொதலாளி. மூடியத் தொறந்தா..."

"மூடியத் தொடப்பிடாது! குறி ஒடைஞ்சா அந்த ஆளு என்ன பறைவான்? வழியில ஊத்தினேன்னு ஊரெல்லாம் சொல்லிருவான்."

அப்போது அக்கா ஒரு சத்தம் போட்டாள். நான் நாலு பிள்ளை பெற்றவள், அந்த மாதிரிச் சத்தத்தை அதற்குப் பிறகு கேட்டதில்லை. அப்பாவும் கேட்டார். கேட்டுவிட்டு டிரைவரிடம், "சீக்கிரம் சுத்தும்" என்றார். மூடியைத் திற என்று சொல்லவில்லை. ருத்திராட்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா அக்காவின் தலையை மெதுவாக இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் போனாள். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி, மச்சு அறைச் சாவியால் சாணியில் ஒரு குத்துக் குத்தினாள். சம்பந்தியின் ஐந்து விரலும் பெயர்ந்து விழுந்தன. நகத்தால் மீதியைச் சுரண்டிவிட்டு இரண்டு கையாலும் மூடியைத் திருகினாள். உஸ்ஸ் என்று டேங்கு மூச்சை இழுத்துக்கொண்டது. பெட்ரோல் வாசம் குப்பென்று வந்தது. உள்ளே விளிம்புக்குக் கொஞ்சம் கீழே எண்ணெய் தளும்பிக்கொண்டு நின்றது.

"குறிய ஒடைச்சிட்டியே! இனி சம்பந்திக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?" அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. டிரைவரிடம், "சுத்தும்" என்றாள். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. பிறகு எங்கேயும் நிற்கவில்லை.

ஏன் நின்றது என்று பிறகு டிரைவர் நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் விசாரித்து வந்து சொன்னார். மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டாம். அது வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே இறங்கும். சாணி அதை அடைத்துவிட்டது. எண்ணெய் டின்னில் ஒரு துளை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி வரும், எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக வரும் என்று அடுக்களையில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அடுக்களையிலிருந்து யாரையும் அந்தக் காரில்தான் ஏற்றியதில்லையே. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டார். "அப்போ வண்டியிலயும் குத்தம் இல்ல, என் கணக்குலயும் குத்தம் இல்ல. சாணியிலதான் குத்தம்."

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டரம்மா கதவைச் சாத்தினாள். யார் சொல்லி அனுப்பினார்களோ, பிற்பகலில் சம்பந்தி தன் காரில் வந்து சேர்ந்தார். நான் வராந்தாவில் நின்றேன். வந்தவர் மருமகள் எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கண் நேரே எங்கள் வண்டியின் பின்பக்கம் போனது.

"குறி எங்கவே?"

அவ்வளவுதான். இருவரும் தொடங்கிவிட்டார்கள். குறியை உடைத்தது செல்லாது என்றார் அவர். உடைத்தது பெண்பிள்ளை, தான் இல்லை, அதனால் செல்லும் என்றார் அப்பா. வேண்டுமானால் இப்போதே மிச்சத்தை அளக்கலாம், வழியில் ஒரு சொட்டு ஊற்றவில்லை, டிரைவர் சாட்சி. கோடு வெட்டிய மூங்கில் குச்சி எப்போதும் காரில் இருக்கும். அதை எடுத்து டேங்குக்குள் இறக்கினார்கள். சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அம்மா வராந்தாவுக்கு வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. "அக்கா இருக்கா. பிள்ளை போயிட்டு. ஆம்பிளப் பிள்ளை. போயி அப்பாட்டச் சொல்லு" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற நர்ஸ், "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

நான் ஓடினேன். "அப்பா..."

"பொறுட்டி."

"அப்பா, அக்காக்கு..."

"பொறுன்னு சொன்னேம்லா! கோடு காஞ்சிரும்."

குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஈரம் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று இரண்டு தலையும் குனிந்து பார்த்தன. நான் நின்றேன். அளந்து முடிகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். என் வாயில் இருந்த செய்தி அவருடைய பேரன். குச்சியில் ஈரம் காய்வதற்குள் அதைச் சொல்ல அவர் விடவில்லை.

பிறகு சொன்னேன். சம்பந்தி மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரையாவது ஒரு மனுஷன் என்று சொல்லலாம்.  அப்பா குச்சியை வேட்டியில் துடைத்து, பத்திரமாகக் காருக்குள் வைத்துவிட்டு, "விதி" என்றார். விதியாம்! அம்மா சாவியால் குத்தி உடைத்த சாணிக்குப் பெயர் விதி.

அக்கா சில நாள் அங்கே கிடந்தாள். வண்டி நின்றது ஏன் என்று அவள் அம்மாவிடம் ஒருநாள் கேட்டாள். அம்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த வாயாடி எங்கே போனாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, அப்பா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பின் இருக்கையைக் கழுவியிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள். "நான் பஸ்ஸுல வாறேன்" என்றாள்.

"பஸ்ஸு குலுக்கும் மக்கா. ஒடம்பு தாங்காது. கார்ல ஏறு."

"பஸ்ஸுல வாறேன்."

அம்மா மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தாள். "ஏட்டி, நீ வந்து முன்னால ஏறு" என்றார் அப்பா. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் கடைசி இருக்கையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பின் கண்ணாடி வழியே பார்த்தேன், கார் எங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் அப்பா. ஒவ்வொரு மைல்கல் வரும்போதும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது, உதடு அசைந்தது.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வழியில் பஸ்ஸை முந்திக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். டேங்கு மூடி திறந்திருந்தது. கையில் அந்தக் குச்சி. அக்கா நடையில் கால் வைத்ததும் அவர் சொன்னார், அவளைச் சந்தோஷப்படுத்துகிறாராம்: "இன்னைக்கு நல்லாக் குடுத்திருக்கு மக்கா. ஆளு ஏறலல்லா, அதான்."

அக்கா நடையிலேயே நின்றாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்பாவின் முகத்தை நேரே பார்த்தது அப்போதுதான்.

"இனி எப்பவும் நல்லாத்தான்பா குடுக்கும்" என்றாள். "நான் ரெண்டு ஆளாட்டும் ஏற மாட்டேன், ஒரு ஆளாட்டும் ஏற மாட்டேன்."

"அதத்தான் நானும் சொல்லுகேன்" என்று அப்பா தலையை ஆட்டிவிட்டு, குச்சியைத் துடைத்துக் கோடு பார்த்தார்.